திரும்பாதவன்

கண்காட்சித் திறப்பு விழாவில் மக்ரூன் வைக்கக் கூடாது, ஐயா. விரலில் ஒட்டிய தூளோடு எல்லாரும் திரையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மற்றபடி அன்று மாலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அது என் முதல் தனிக் கண்காட்சி. புகைப்படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி அசைய வைப்பது என் வேலை. பெரும்பாலான படங்களில் இருப்பவன் ராயப்பன், திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவன். அவன் தோளில் துறைமுகக் கிரேன்களை முளைக்க வைத்தேன். வாயிலிருந்து கப்பல்களை வரவழைத்தேன். அரங்கத்தின் உரிமையாளர் கிருபாநிதி அத்தனையையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, பேரன் பிறந்தநாளுக்கு இதே மாதிரி ஒரு பிளக்ஸ் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். இந்த ஊரில் கலைஞனாக இருப்பது அப்படித்தான்.

கடலுக்கு அடியில் இன்னும் சில காட்சிகள் தேவைப்பட்டன. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர் புகாத என் பழைய போனை ராயப்பனிடம் கொடுத்தனுப்பினேன். அன்று அவன் கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியாக வள்ளத்தை எடுத்துப் போனவன் கரை சேரவில்லை. படகுகள் தெற்கே தேடின.

நான் உண்மையிலேயே வருந்தினேன். அந்த வருத்தத்தில்தான் கண்காட்சியின் பெயரை மாற்றினேன். ‘உப்பும் பிக்சலும்’ என்று இருந்ததை ‘திரும்பாதவன்’ ஆக்கினேன். ஒரே நாளில் செய்தி பரவியது. சென்னையிலிருந்து விமர்சகர்கள் வந்து இறங்கினார்கள். கிரேன் முளைத்த அதே தோளின் முன் நின்று, இல்லாமையின் பேரிருப்பு என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார். ராயப்பனின் மனைவி ஞானபாயை முன்வரிசையில் உட்கார வைத்தேன். விழா தொடங்கும்முன், எல்லாரும் போனை அணைத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவளும் அணைத்தாள்.

என்னுடையதை அணைக்கவில்லை. திரைகளை அதிலிருந்துதான் இயக்கிக்கொண்டிருந்தேன். அது அதிர்ந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

“அண்ணாச்சி, ராயப்பன் பேசுதேன். இப்பந்தான் டவர் கெடச்சிது. வள்ளம் கவுந்துட்டு. அதப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஞானபாய்க்குப் போன் போட்டா போவ மாட்டேங்கு. முயல்தீவு வெளக்கு தெக்க தெரியுது, நீரோட்டம் வடக்க இழுக்கு. வடக்க வந்து தேடச் சொல்லுங்க. நேத்துலருந்து தண்ணி இல்ல. போன்ல சார்ஜும் இல்ல.”

“சரிலே, சொல்லுதேன். தெம்பா இரு,” என்றேன்.

உள்ளே விழா நடந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்துவது நாகரிகமாகப் படவில்லை. முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்ததும், இதே கண்காட்சியைச் சென்னையில் வைக்கலாம் என்றார்கள். வாசலில் இருந்த பேனரை ஏறிட்டுப் பார்த்தேன். அவன் திரும்பி வந்துவிட்டால் அந்தத் தலைப்பை வைத்து என்ன செய்வது?

பிறகு, வடக்கே வேம்பார் கரையில் உடல் ஒதுங்கியது.

என் போன் எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிவுசெய்துகொள்ளும். அந்தக் குரலை அழிக்க மனம் வரவில்லை. அலைச் சத்தத்தோடு கேட்கும்போது அதில் நடிப்பே இல்லை. மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, ‘நேத்துலருந்து தண்ணி இல்ல’ என்பதை மட்டும் வைத்தேன். திரையில் கடல் ஓட ஓட, அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப ஒலிக்கும். நிறைவு நாளில் போட்டேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஞானபாய் தட்டவில்லை. இது எப்போது பேசியது என்று கேட்டாள். தெருக்குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள் பேசியது என்றேன்.

“கடலுக்குள்ள இருந்துல்லா பேசுதாவ,” என்றாள்.

அதன் பிறகுதான் அவள் இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். நான் எதையும் மறுக்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் படகுகள் வடக்கே போயிருக்கும், அவன் பிழைத்திருப்பான். போனைக் காதிலிருந்து எடுக்கும்போதே எனக்கு அது தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. நிறைவு நாளன்று திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் வெகுநேரம் அழுதாள். சென்னைக்காரர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், கோணத்தைப் பார்த்தார்கள். என் படைப்பை முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். இதையெல்லாம் அவளுக்காகவே செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.