வான்படங்களின் உள்ளீட்டைக் காத்த தில்லைநாயகி அம்மையாருக்கு

பாரிசு லா சப்பலில் இயங்கும் வடவிண் தரவுக்கூடத்தில், 2009 முதல் 2024 வரை வான்படப் பிரிவின் பொறுப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெறும் திருமதி தில்லைநாயகி இளையதம்பி அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

விண்ணின் விளிம்பில் மினுங்குவதையும் விட்டுவிடாத விழியே! இரைச்சலின் இடையிலும் இருப்பதை இனங்கண்ட இதயமே! கோப்புகளைக் காத்த கோமகளே, கூடத்தைக் குடும்பமாக்கிய குணமகளே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்காவே, வணக்கம்.

இந்த வரிசையில் இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சென்ற கிழமை அதை எப்படியோ மோப்பம் பிடித்து என் மேசைக்கு வந்தீர்கள். "கோசலை, பட்டங்களை அளவாய்ப் போடும். கூடிப்போனால் அதுவும் இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையோடு திரும்பிப் போனீர்கள். ஆகவே மேலே உள்ள ஐந்தோடும் கீழே நழுவிவிட்ட இரண்டோடும் நிறுத்திக்கொண்டேன். பாரிசின் புறநகரான ஆர்ஜொந்தெயில் பிறந்து, சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படித்த எனக்கு அந்த ஏழே பெரும்பாடு என்பதும் உண்மை.

இந்தப் பிரியாவிடைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்கா கத்தரிக்காய் வாங்கும் கடைக்காரர்களுக்கும், இவர் இத்தனை ஆண்டுகளாக என்னதான் செய்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். தொலைநோக்கிகள் எடுத்த வான்படங்களை ஆய்வாளர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். பார்க்கும் கண்ணுக்கு அவை புள்ளி விழுந்த சாம்பல் துணிபோலத்தான் இருக்கும். அதில் எது உண்மையான விண்பொருள், எது கருவியின் இரைச்சல் என்று ஒரு மென்பொருள் தேடிப் பிரிக்கும். ஆனால் அந்த மென்பொருளுக்குத் தன்புத்தி கிடையாது. எந்தப் படத்தை வாசிக்க வேண்டும், எந்தப் பகுதியை விட வேண்டும், கண்டுபிடித்ததை எங்கே, எந்தப் பெயரில், எந்த வடிவில் எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அது வாசிப்பது உள்ளீடு, எழுதுவது வெளியீடு. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று சொல்லிவைப்பதுதான் அக்காவின் வேலை.

படத்தைப் பாராமல் பணி தொடங்காதவரே, மென்பொருளிடம் ஒப்படைக்கும் முன்னர் ஒவ்வொரு வான்படத்தையும் நீங்களே திறந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல் மூலை மூலையாகப் பார்ப்பீர்கள். மேம்பாலத்தில் மெற்றோ ரயில் ஓடி எங்கள் யன்னல்கள் அதிரும்போதும் உங்கள் கண் திரையை விட்டு அகலாது. வாசித்த படத்தின்மேல் ஒருவரும் எழுதக்கூடாது என்பது உங்கள் முதற்கட்டளை. அமைப்புக் கோப்பை, அதாவது மென்பொருளுக்கு நாம் சொல்லிவைத்தவை அடங்கிய கோப்பை, வெளியீட்டோடு வைக்காமல் உள்ளீட்டோடு வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஏன் என்று நாங்கள் கேட்டபோது, "கேள்வி பத்திரமாய் இருந்தால்தானே மறுமொழி பிறகும் வரும்" என்றீர்கள். எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

விளிம்பு விட்டு வெட்டும் விரிமனத்தவரே, கண்டுபிடித்த ஒவ்வொரு விண்பொருளையும் மென்பொருள் ஒரு சிறு படமாக வெட்டித் தரும். இடம் மிச்சம் பிடிக்க நாங்கள் ஒட்ட வெட்டச் சொல்லுவோம். நீங்கள் அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றுவீர்கள். "சுத்திவரக் கொஞ்சம் வெளி விடுங்கோ. அதுக்கும் மூச்சு விட இடம் வேணும், பாக்கிற ஆளுக்கும் பக்கத்திலை என்ன இருக்கெண்டு தெரியவேணும்" என்பீர்கள். மனிதர்களிடமும் நீங்கள் அப்படித்தான். ஒருவருடைய பிழையை மட்டும் ஒட்ட வெட்டி எடுத்து நீங்கள் பார்த்ததே இல்லை. இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. 2017 மாசியில் நடந்ததை நினைத்துத்தான் சொல்லுகிறேன்.

அதைச் சொல்ல, எங்கள் கூடத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வெளியீட்டுக் கோப்புறைகளுக்கு ஒவ்வொருவரும் வாய்க்கு வந்த பெயரை வைத்தோம். 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று கோப்புறைகள் ஒரே வாரத்தில் பிறந்தன. பொறுக்கமாட்டாமல் நீங்கள்தான் ஒரு முடிவு கட்டினீர்கள். காலையில் அவரவர் ரயில் ஏறும் ஊரின் பெயரே அவரவர் வெளியீட்டின் பெயர். எல்லோரும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தோம், ஆகவே பெயர் மோதவில்லை. நான் ஆர்ஜொந்தெய். எங்கள் தலைவர் ரொபேர் வேர்சாய். நீங்கள் கூசேன்வில். வன்னியிலிருந்து வந்து, எங்களோடு தற்காலிக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த தவசீலன் சார்செல். கூடம் முழுவதும் ஒரு ரயில் வரைபடம்போல் ஒழுங்காக ஓடியது.

தவசீலனின் மனைவி தயாளினி அப்போது வவுனியாவில் இருந்தார். அவரை இங்கே அழைக்க இரண்டு காரியங்கள் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒன்று, இருவர் இருக்கக்கூடிய வீடு. மற்றது, நிரந்தர வேலை. பல மாத அலைச்சலுக்குப் பிறகு கூசேன்வில்லில் அவருக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. நிரந்தர ஒப்பந்தத்துக்கான முடிவு அந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. புது வீட்டிலிருந்து முதல்முறை ரயிலேறி வந்த அன்று, மனிதர் வாயெல்லாம் பல்லாக வந்து, வழக்கம் தவறாமல் தன் வெளியீட்டுக்குப் புது ஊரின் பெயரை வைத்தார்.

அதே பெயரில் உங்கள் கோப்புறை ஏற்கெனவே இருந்தது. தென்வானப் படங்களில் நீங்கள் மூன்று மாதமாகத் தேடி, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த விண்பொருள்கள் அனைத்தும் அதற்குள் இருந்தன. அவற்றை மறு திங்கட்கிழமை ஆய்வாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மென்பொருள் தன் கடமையைச் செய்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றது. அது உங்கள் ஊரும் என்பதை அந்த மகிழ்ச்சியில் மறந்து, காலையில் தான் பாதியில் நிறுத்திய முயற்சிதான் அது என்று தவசீலன் நினைத்தார். தன் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'இருப்பதன்மேல் எழுதலாமா' என்ற இடத்தில் 'ஆம்' என்று மாற்றினார். மென்பொருள் எழுதி முடித்துவிட்டது.

என்ன நடந்ததென்று தெரிந்ததும் அவர் உங்கள் மேசைக்கு வந்து நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். போனது உங்கள் உழைப்பு. போகப்போவது தன் வேலை, அதோடு தயாளினியின் வரவு. நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள், பிறகு கேட்டீர்கள்.

"உள்ளீட்டிலை கை வைச்சனீரோ?"

"இல்லை அக்கா. தொடேல்லை."

"அப்ப ஒண்டும் போகேல்லை. வெளியீடு போனால் திருப்பி எடுக்கலாம். உள்ளீடு போனால்தான் போனது. கதிரையை இழுத்துப்போட்டு இரும்."

வீடு, படங்கள், சான்றிதழ்கள் என்று எல்லாவற்றையும் வன்னியில் விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு, ஒன்றும் போகவில்லை என்று ஒருவர் சொல்லி, அது உண்மையாகவும் இருந்தது அன்றுதான் முதல்முறை. இதை அவர் பின்னர் என்னிடம் சொன்னார். எழுத அனுமதியும் தந்தார்.

நீங்கள் சொன்னபடியே வான்படங்கள் தொடப்படாமல் இருந்தன. உள்ளீட்டோடு வைத்திருந்த, மூன்று மாதமாக நீங்கள் திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்திய அமைப்புக் கோப்பும் பத்திரமாக இருந்தது. கேள்வி இருந்ததால் மறுமொழியை மீண்டும் கேட்கலாம் என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

ரொபேர் மட்டும் விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. ஒப்படைப்புத் தவறினால் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார். (ரொபேர், இப்போது நீங்கள் தலையைக் குனிய வேண்டாம், எல்லாம் பிறகு நல்லதாகத்தான் வருகிறது.) நீங்கள் அவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "காவலை எடுத்துவிட்டது தவசீலன், பெயர் மோதும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நான், அறிக்கையில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்" என்று பிரெஞ்சில் அமைதியாகச் சொன்னீர்கள். இவரை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை எடுத்தால் அவர் இதே பிழையைப் புதிதாகச் செய்வார், இவர் இனிச் செய்யமாட்டார் என்றும் சொன்னீர்கள். ரொபேர் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மென்பொருள் மறுபடி ஓடிமுடிக்கச் சனிக்கிழமை காலையாகிவிட்டது. அது கண்டெடுத்த சிறு படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வேலை மீதம் இருந்தது. தனியொருவரால் முடியாது. நீங்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை, நாங்களாகவே வந்தோம். கதவைச் சாத்திய ரொபேரும் வேர்சாயிலிருந்து ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியுமாக வந்து சேர்ந்தார். நீங்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தீர்கள். அன்று அவர் சொதியை ரொட்டியில் தோய்த்துச் சாப்பிட்டதை இந்தக் கூடம் இன்னும் மறக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாத வேலை போனவரின் முகம் அல்ல அது. திரையில் மங்கலாக ஏதாவது தெரிந்தால், "இந்தா, வந்திட்டார்" என்பீர்கள். முன்பே பார்த்துப் பழகிய விண்பொருளாம். வெட்டிய படத்தின் ஓரத்தில், நீங்கள் விடச் சொன்ன அந்த வெளியில், இன்னொன்று மெல்லத் தெரிந்தால், "இவரும் இஞ்சைதான் இருக்கிறார்" என்று தவசீலனிடம் காட்டுவீர்கள். ஞாயிறு மாலைக்குள் அவரும் சிரிக்கத் தொடங்கியிருந்தார். திங்கட்கிழமை ஒப்படைப்பு நடந்தது. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ரொபேரே. தயாளினி அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். இந்த மண்டபத்தில் இரண்டாவது வரிசையில், மடியில் தூங்கும் மகளோடு அவர் இருக்கிறார்.

அதற்குப் பிறகு ஊர்ப்பெயரோடு ஆள்பெயரையும் சேர்த்து எழுதுகிறோம். 'இருப்பதன்மேல் எழுதலாமா' என்ற இடத்தில் 'வேண்டாம்' என்று பூட்டியே வைத்திருக்கிறோம். இன்றுவரை கூசேன்வில்லிலிருந்து நீங்களும் தவசீலனும் ஒரே ரயிலில் வந்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, மென்பொருளின் புதிய பதிப்பைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தீர்கள். நாளை அவர் தனியாக வருவார். நாளை முதல் அவரே உங்கள் கதிரையில் இருப்பார்.

அன்பின் அக்கா, இனி உங்கள் காலைகள் உங்களுடையவை. உங்கள் கணவர் இளையதம்பி அண்ணை குளிர்சாதனப் பெட்டியில் உள்ள கிண்ணங்களுக்கும் நீங்கள் பெயர் ஒட்டுவதாக எங்களிடம் முறையிட்டிருக்கிறார். அவரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். முழங்காலைக் கவனியுங்கள், மருத்துவர் சொன்ன மாத்திரைகளைத் தவறாமல் எடுங்கள். நெடுநாள் நலமோடு வாழுங்கள். அந்த நாட்களை ஒட்ட வெட்டாமல், ஒவ்வொன்றையும் சுற்றிக் கொஞ்சம் வெளி விட்டு வாழுங்கள். அந்த வெளியில் எங்கேனும் ஓர் ஓரத்தில் நாங்களும் மங்கலாகத் தெரிவோம்.

முடிக்கும் முன் ஒன்று. இன்று பேச வேண்டியவர் தவசீலன். தன்னால் முடியாது என்று சொல்லி, ஒரே ஒரு வரியை என்னிடம் தந்து, அதை இந்த மடலில் சேர்க்கச் சொன்னார். உங்கள் அன்றைய கேள்விக்கு, நாளை உங்கள் இடத்துக்கு வருபவர் மீண்டும் சொல்லும் மறுமொழி அது. இந்த மடலைப் போட்டுத் தரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதுவும் இருக்கட்டும்.

"அக்கா, நீங்கள் தந்ததிலை ஒண்டையும் தொடேல்லை. எல்லாம் அப்பிடியே இருக்கு."

உங்கள் மேசையைச் சுற்றி இத்தனை ஆண்டுகள் இருந்த,
வடவிண் தரவுக்கூடப் பணியாளர்கள்
லா சப்பல், பாரிசு
ஆனி 2024