ஞாயிற்றுக்கிழமை ஜீப்

ஜெர்சி: அஞ்சு பேரக் கூட்டினு வரேன்னு சொன்ன. நீ ஒருத்திதான் வந்து நிக்கிற?

கனிஷ்கா: ஹாஸ்டல் கேட்டத் தாண்டும்போது ஆறு பேராத்தான்க்கா இருந்தோம்.

ஜெர்சி: அப்புறம்?

கனிஷ்கா: ஷேர் ஆட்டோவுல ஏறினோம்... வடக்குப்பட்டு வந்ததும் நான் எறங்கிட்டேன். அவளுவ... எறங்கல.

ஜெர்சி: எறங்காம?

கனிஷ்கா: நேரா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன். அங்கருந்து ட்ரெயினு. மெரினாவுக்கு.

ஜெர்சி: மெரினாவுக்கா!

கனிஷ்கா: அவளுவள்ல செல்லக்கனி மெட்ராசுக்கு வந்து ஒரு வருசமாச்சு. இன்னும் கடலயே பாக்கலயாம்.

ஜெர்சி: நல்லா கீதுடி. பழைய மிலிட்டரி ஜீப்ப ரெடி பண்ண ஆளு கேட்டா, நீ பீச்சுக்கு ஆளு அனுப்பிக்கினு இருக்க.

கனிஷ்கா: நானா அனுப்புனேன்? வார்டன்தான் அனுப்புனாவ. சர்ச்சு, கோயிலு, ஜீப் ட்ரெயினிங்... ஞாயித்துக்கெழம இந்த மூணுக்குத்தான் வெளிய விடுவாவ.

ஜெர்சி: கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?

கனிஷ்கா: கோயிலுன்னா ரெண்டு மணி நேரம்தான்க்கா. ஜீப்புன்னா சாயங்காலம் ஆறு வரைக்கும்.

ஜெர்சி: போன மாசம் நாலு பசங்க வந்தானுங்க. பானட் மேல ஏறி ரீல்ஸ் எடுத்துட்டு ஓடிட்டானுங்க. இப்ப இதுங்க. பன்னெண்டு மணிக்கு சங்கத்துலேர்ந்து தாண்டவராயன் சார் வராரு. யாரக் காட்டுறது?

கனிஷ்கா: அவரு யாரு?

ஜெர்சி: சொன்னேனே... மிலிட்டரி வண்டி வச்சிருக்கிறவங்க சங்கம். அங்க எல்லாருக்கும் முட்டி வலி. வண்டிக்கு அடியில படுத்தா தூக்கி விட ஆளு வேணும். சின்னப் பசங்க நாலஞ்சு பேரக் காட்டினா, நம்ம ஜீப்ப ஊர்வலத்துல சேத்துக்குவாராம்.

கனிஷ்கா: ஓடாத வண்டிய ஊர்வலத்துல என்னத்தச் சேக்க?

ஜெர்சி: பேசிக்கினே இருக்காம கார்பரேட்டர மாட்டு.

கனிஷ்கா: மாட்டியாச்சு. பெட்ரோலும் ஊத்தியாச்சு. நீங்க ஏன் ரோட்டயே பாத்துக்கிட்டு நிக்கிய?

ஜெர்சி: ஒண்ணும் இல்ல... காத்து வாங்குறேன்.

கனிஷ்கா: இந்த வெயில்லயா?

ஜெர்சி: இரு, போன் அடிக்குது... ஐயோ. உங்க வார்டன்.

கனிஷ்கா: எடுக்காதிய!

ஜெர்சி: எடுக்கலன்னா நேர்லயே வந்துடுவாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், கம்முனு இரு... ஹலோ, சொல்லுங்க மேடம்.

லூர்து மேரி: ஜெர்சி, ஹாஸ்டல்லேர்ந்து லூர்து மேரி பேசுறேன்மா. பொண்ணுங்க ஆறு பேரும் அங்கதான இருக்குதுங்க?

ஜெர்சி: ...ஆமா மேடம்.

லூர்து மேரி: செல்லக்கனிகிட்ட போனக் குடு. ஊர்லேர்ந்து அவங்கம்மா கூப்பிட்டாங்க. அவ எடுக்கவே இல்லயாம்.

ஜெர்சி: அவ வண்டிக்கு அடியில படுத்துக்கினு கீறா மேடம். கையெல்லாம் கிரீசு.

லூர்து மேரி: ஒரு சத்தத்தையும் காணோம்? ஆறு பொண்ணுங்க இருக்கிற எடமா இது?

ஜெர்சி: வேல நடக்குது மேடம்... கனிஷ்கா, ஸ்டார்ட் பண்ணு.

கனிஷ்கா: எங்கக்கா ஓடப் போவுது...

ஜெர்சி: பண்ணுடி! கரகரன்னாவது கேக்கட்டும்.

கனிஷ்கா: யக்கா...! பிடிச்சிட்டு! ஓடுதுக்கா!

லூர்து மேரி: ஹலோ... ஹலோ! இன்னா சத்தம் அது? காதே போச்சு! சரி, சரி... ஆறு மணிக்குள்ள அனுப்பிடு.

ஜெர்சி: சரி மேடம். வச்சிடுறேன்.

கனிஷ்கா: வச்சிட்டாவளா?

ஜெர்சி: வச்சிட்டாங்க. ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்காத. ஓடட்டும்.

கனிஷ்கா: அக்கா... கம்பெனி லைன்ல ஷிப்ட் பூரா கிளிப்பு மாட்டுதேன். அது எந்த வண்டிக்குப் போவுதுன்னே தெரியாது. இது... இத நாமதான ஓட வச்சோம்?

ஜெர்சி: நாமதான்.

கனிஷ்கா: நம்ம கையால...

ஜெர்சி: இன்னா, அழுவுறியா?

கனிஷ்கா: பெட்ரோல் பொகக்கா. இருங்க, வீடியோ எடுத்து செல்லக்கனிக்கு அனுப்புதேன்... அம்மாவுக்கு ஒடனே போன் போடச் சொல்லி எழுதிட்டேன்... பாத்துட்டா. என்னமோ அனுப்புதா.

ஜெர்சி: இன்னாவாம்?

கனிஷ்கா: "அடுத்த வாரம் நாங்களும் வாரோம், ஓட்ட விடுவாவளா"ன்னு கேக்கா.

ஜெர்சி: மொதல்ல துரு தேய்க்கணும், அப்புறம்தான் ஸ்டியரிங்குன்னு சொல்லு.

கனிஷ்கா: அக்கா, ஒண்ணு சொன்னா ஏச மாட்டியளே?

ஜெர்சி: சொல்லு.

கனிஷ்கா: நானும் மொதல்ல அந்த ஆறு மணி பெர்மிஷனுக்குத்தான் வந்தேன். எப்படியாவது நழுவிரலாம்னு...

ஜெர்சி: தெரியும். ஜீப் வேலைக்கு எவளாவது புதுச் சுடிதார்ல வருவாளா?

கனிஷ்கா: அப்பவே தெரியுமா! ...சரி, இப்ப அந்தச் சாருக்கு போன் போட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. அஞ்சு பேரையும் நானே இழுத்துட்டு வாரேன்.

ஜெர்சி: போட முடியாது.

கனிஷ்கா: ஏன், நம்பர் இல்லயா?

ஜெர்சி: ஆளே இல்ல.

கனிஷ்கா: அப்ப சங்கம்?

ஜெர்சி: அதுவும் இல்ல.

கனிஷ்கா: பொறவு பன்னெண்டு மணிக்கு யாருக்கா வாரா?

ஜெர்சி: எங்கம்மா. சண்டே சர்ச் முடிஞ்சா போதும், என்னப் பொண்ணு பாக்க எவனாவது வூட்டுக்கு வந்து ஒக்காந்துடுவான். அதான் மூணு வருஷமா, "ஜீப் கிளாஸ் எடுக்கிறேன், பசங்க காத்துக்கினு இருப்பாங்க"ன்னு சொல்லிட்டு இங்க ஓடியாந்துடுவேன். போன வாரம் அம்மா, "அந்தப் பசங்கள நான் கண்ணால பாக்கணும்"னு சொல்லிடுச்சு... மூணு வருஷத்துல நெஜமா வந்தது நீ ஒருத்திதான்டி.