நக அரமும் நாற்பது குதிரைகளும்

நாற்பது குதிரைகளை என் மனைவியின் நக அரத்தால் மண்டியிட வைத்தவன் நான். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். எரிவாயுக் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மூக்கால் மூன்று தெருக்களைக் காப்பாற்றினேன் என்று ஆரம்பித்தாலே, போன தடவை இரண்டு தெருவாகத்தானே இருந்தது என்பாள் மனைவி. அதனால் கூட்டாமல் குறைக்காமல், நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை தங்கமான மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அவரும் என் மகளும் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பது குதிரைத்திறன் கொண்ட தன் மோட்டார் சைக்கிளில் இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறொன்றை மாட்டினார். காற்று தாராளமாக உள்ளே போக ஒரு பெரிய ஏர் ஃபில்டரையும் வைத்தார். முதன்முதலில் கிளப்பியபோது எதிர்வீட்டுக்காரரின் பல்செட் தம்ளருக்குள் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. இதை மட்டும் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

காற்று அதிகமானால் பெட்ரோலும் அதற்கு ஏற்றபடி அதிகமாக வேண்டும். அதற்காக சீட்டுக்கு அடியில் ஒரு டியூனிங் பெட்டியைப் பொருத்தினார். புகைக்குழாயில் இருக்கும் சென்சார், புகையில் காற்று மிஞ்சியிருக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஓட்ட ஓட்டத் தானே கற்றுக்கொள்ளும். மோந்து பார்த்தே சம்பளம் வாங்கியவன் என்பதால், அந்தச் சென்சாரைக் கண்டதும் எனக்கு ஒன்றுவிட்ட தம்பியைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் பொழுதுபோக்குக்காக இல்லை. கடலோர நகரம் ஒன்றில் உள்ள ரேஸ் வண்டிப் பட்டறை அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. தன் கையால் டியூன் செய்த வண்டியை அவரே ஓட்டி வந்து காட்ட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஊருக்கு வெளியே இருக்கும் மலைச்சாலையை வண்டி இழுத்து ஏறிவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று மகள் பரணிலிருந்து சூட்கேஸ்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் கிடையாது. கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அவள் இதுவரை கடலையே பார்த்ததில்லை. ஆனாலும் பெற்றவனுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், இன்ஜினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தைக் கழற்றினேன். உள்ளே செம்பு வளையம் ஒன்று காற்று புகாமல் அடைத்துக்கொண்டு இருந்தது. அதன் விளிம்பில் நக அரத்தால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினேன். எறும்பு போனால்கூட முதுகு உரசும், அத்தனை சின்னது. திரும்ப மாட்டிவிட்டுக் கையைக் கழுவி நாளிதழை எடுத்தபோது, மாப்பிள்ளை வந்து முடிவெட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாய்க்கால் வழியாக வெளிக்காற்று புகையில் கலந்தது. பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொன்னது. பெட்டி கூட்டியது. இன்னும் போதவில்லை என்றது. இன்னும் கூட்டியது. நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் அவை இரண்டும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன.

வண்டி பெட்ரோலை மாந்தி மாந்தி மந்தமாயிற்று. மலைச்சாலையின் முதல் வளைவிலேயே இருமி உட்கார்ந்துவிடும். அது கக்கிய புகையில் ஒரு வெள்ளாடு கறுப்பாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாம்பல் நிறம்தான்.

மாப்பிள்ளை, பெட்டி கற்றதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கற்பித்தார். பிளக்கை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழுவினார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். எல்லோருக்கும் எல்லா வேலையும் கைவந்துவிடுமா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போகப்போக அவர் விசிலடிப்பதை நிறுத்திவிட்டார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மகள் சூட்கேஸ்களைப் பரணில் ஏற்றிவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஒரு நாள் காலை, பட்டறைக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றார். அதையும் நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் மனைவிதான் காரியத்தைக் கெடுத்தாள்.

"உங்க மேல என்ன தப்பு மாப்பிள்ளை? அந்த பங்க்குல பெட்ரோலே சரியில்ல."

மகளும் ஆமாம் போட்டாள். அப்போது என் மனசாட்சி விழித்துக்கொண்டது. இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் பெயரைத் தட்டிக்கொண்டு போவதா? நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

மகள் சிரித்தாள். நிலாவில் கசிவு பிடித்ததும் இவர்தானே என்றாள் மனைவி. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, என்னைத் தேத்தறதுக்காக நீங்க பழி ஏத்துக்க வேணாம். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா சத்தியமா நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

அவரை வண்டியிடம் இழுத்துக்கொண்டு போய்க் குழாயைக் கழற்றச் சொன்னேன். வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானாகத் தேய்ந்திருக்கும் என்று முனகினார். நக அரத்தை நீட்டினேன். முனையில் செம்புப்பொடி இன்னும் மின்னியது. வாய்க்காலில் வைத்துப் பார்த்தார், உறையில் கத்தி போல உட்கார்ந்தது. புது வளையத்தை மாட்டினார். பெட்டி கற்றிருந்ததை அழித்தார். கிளம்பிப் போனார்.

அவர் திரும்பி வருகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே மகள் மாடிக்கு ஓடினாள். சூட்கேஸ்கள் தரையில் இறங்குவது கூரை வழியாகக் கேட்டது.

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"வேலை சுத்தமா இருந்துச்சா, மாப்பிள்ளை?" என்றேன்.

"சுத்தமா இருந்துச்சு மாமா," என்றார். "நீங்கதான் பண்ணியிருக்கீங்க."