நறுக்கப்பட்ட நன்றி

தலைமை இருக்கையை அணிசெய்யும் நகரத் தலைவர் அவர்களே, அவர் அருகே பட்டு விரித்த நாற்காலியில் வீற்றிருக்கும் அரும்பொருள் வணிகர், கொடைவள்ளல் தோன் லியாந்த்ரோ எஸ்கோபெதோ அவர்களே, சுரங்கத் தூசியை நெஞ்சில் சுமந்தபடி முன்வரிசையில் இருமிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, சோளமாவு காயாத கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, லா பிளோமோசா நகரத்து மக்களே, சுரங்கத் தொழிலாளர் சங்கச் செயலாளன் கிரிசோஃபரோவின் வணக்கம்.

எனக்கு இட்ட பணி நன்றியுரை. அடைக்கல மாதா கோயிலின் பக்க அறையில் இன்று திறந்த காட்சிக்கூடத்துக்குத் தம்மிடமிருந்த பழைய தகர ஓவியங்களைத் தோன் லியாந்த்ரோ வாரி வழங்கியிருக்கிறார். வாழ்த்தி நான்கு வார்த்தை எழுதியும் வந்தேன். அந்தத் தாள் சட்டைப் பையிலேயே கிடக்கட்டும்.

எங்கிருந்து வந்தன அந்தத் தகரங்கள்? வானத்திலிருந்து விழுந்தனவா? கடல் கடந்து வந்தனவா? இதே கோயிலின் சுவரிலிருந்து போனவை ஐயா அவை. அன்றைய கோயில்பிள்ளை நிக்கானோர் மூட்டை கட்டி இவரிடம் கொடுத்தான். மாற்றாகப் பீடத்துக்கு ஒரு கண்ணாடிச் சரவிளக்கு வாங்கிக்கொண்டான். என்ன சொல்கிறீர்கள் பின்னால்? பாதி பல்புதான் எரிகிறதா? பரவாயில்லை, பாதி வெளிச்சமாவது நமக்கு மிஞ்சியது.

ஆபத்தில் பிழைத்தவர்கள் மாதாவுக்கு நன்றியாகப் படக்காரனிடம் வரைந்து வாங்கி மாட்டிய தகரங்கள் அவை. காளை முட்டியும் பிழைத்தவன், காய்ச்சலில் கண் செருகியும் மீண்ட குழந்தை, கிணற்றில் விழுந்தும் எழுந்தவள். மேலே படம், மேகத்துக்குள் மாதா. அடியில் வாசகம்: இன்னார், இன்ன ஊரில், இன்ன ஆபத்தில் கூப்பிட்டேன், காத்தாய், இதை எல்லோரும் அறியச் சொல்கிறேன். பிழைத்தால் ஊரறியச் சொல்வேன் என்று மாதாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த வாசகம்தான், அதுதான் நேர்ச்சை. படம் அதற்குத் துணை, அவ்வளவுதான்.

இன்று ரிப்பன் வெட்டியதும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தவர் எவுலாலியா சமாரிப்பா. அதோ, சாம்பல்நிற முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். தன் தகரத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டார். படத்தில் பாறைக்கு அடியில் அவர் கணவர் தோரிபியோ, கழுத்தில் அதே மஞ்சள் கைக்குட்டை. வாசகத்தைத் தேடிக் கீழே தடவினார். விரலில் பட்டது மரச்சட்டம். அருகே நின்ற தோன் லியாந்த்ரோவைக் கேட்டார்.

"ஐயா, இதுல என் பேரு இருந்துச்சே, எங்க?"

"ஒரே எழுத்துப் பிழையா இருந்துச்சும்மா. மாதா பேரையே தப்பா எழுதி வெச்சிருந்தான் அந்தப் படக்காரன். பிரேமுக்கு எடுப்பா இல்ல, நறுக்கிட்டோம்."

"நறுக்கின துண்டு?"

"அதையெல்லாம் யாரு வெச்சிருப்பா? படம்தான் முழுசா இருக்கே."

"படத்துல இருக்கிற மனுஷன் செத்துட்டாரு. வாக்கு குடுத்தவ நான். நாளைக்கு மேல போறப்ப, எங்கடி உன் வாக்குன்னு மாதா கேட்டா, உங்க பிரேமையா காட்டுவேன்?"

இதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான், தோன் லியாந்த்ரோ அவர்களே. பிழையோடு கூப்பிட்டாலும் மாதாவுக்குப் புரிந்தது, பாறையைப் புரட்டினாள். படித்த உமக்குப் புரியவில்லையா? பிழை என்று எதை நறுக்கினீர்? எழுத்தையா? எங்கள் பெயரை அல்லவா நறுக்கினீர். எங்கள் வேதனையைச் சுவரில் மாட்டலாம், எங்கள் பெயர் மட்டும் சுவருக்கு அழுக்கா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். எவுலாலியா அம்மா, மேடைக்கு வாருங்கள். வழி விடுங்கள், கை கொடுங்கள். எழுத வேண்டாம் அம்மா, இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"நான் எவுலாலியா சமாரிப்பா. எம் புருஷன் தோரிபியோ மேல சுரங்கம் சரிஞ்சப்ப, அடைக்கலத் தாயே, உன்னக் கூப்பிட்டேன். உசுரோட குடுத்த. பின்னால அந்தத் தூசியே அவரக் கொண்டுட்டுப் போச்சு. அதுக்கு உன்ன நான் ஒண்ணும் கேக்கல. குடுத்ததுக்கு எல்லாரும் அறிய நன்றி சொல்றேன். இத இனிமே யாரும் நறுக்க முடியாது."

கேட்டீர்களா பெரியோர்களே? கேட்டீர்களா தாய்மார்களே? இந்த மேடையில் சொல்ல வேண்டிய நன்றி, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. தோன் லியாந்த்ரோ அவர்களே, உமக்கென்று என்னிடம் எதுவும் இல்லை. வணக்கம்.