மஞ்சள் குடை

உலகப் பொருளாதாரத்தின் ஒழுக்கத்தைக் காத்து நிற்கும் மாபெரும் படையின் மணிலா பிரிவில், பயிற்சித் தலைவர் என்னும் உயர்பதவி வகிக்கும் வென்செஸ்லாவோ ஆகிய நான் சகலருக்கும் அறிவிப்பது: மழைக்காலத்தில் யாரும் குடையில்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. சளி பிடிக்கும்.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டது நான்தான். அந்தச் சன்னல் திரையை மட்டும் இழுத்துவிடுங்கள். நன்றி.

எங்கள் வங்கியில் பணச் சலவைத் தடுப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடம் நான்தான் எடுப்பேன். கறுப்புப் பணம் எப்படி வெளுக்கிறது என்று திரையில் படம் படமாக ஓடும். முக்கியமானது ஒரே விதிதான். ஒரு வாடிக்கையாளர் மேல் சந்தேகம் என்று எழுதினால், எழுதியவர் பெயர் இந்தக் கட்டடத்தைத் தாண்டக் கூடாது. அதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். பழக்கம்.

ஜூன் மாதம் சேர்ந்தவள் லீசல். இறால் பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தவள். இதுதான் முதல் வேலை. ஒருநாள் மதியம் சாப்பாட்டு மேசையில், வாயில் நூடுல்ஸோடு கேட்டாள்:

“சார், டான் ஃபிடல் கம்பெனி மாசாமாசம் கப்பல் கப்பலா இறால் அனுப்புது. ஐஸுக்கு ஒரு சென்டாவோ செலவில்ல. இறால் என்ன, சட்டை மாட்டிக்கிட்டு நடந்தா போகுது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். டான் ஃபிடல் கிறிஸ்துமஸ்தோறும் எனக்கு முழுப் பன்றித் தொடை, ஹாம் ஒன்று அனுப்புகிறவர். வைத்துச் சாப்பிட்டால் ஜனவரி வரை வரும். பழைய ஆட்கள் யாருக்கும் அந்தக் கணக்கில் ஐஸைத் தேடத் தோன்றியதில்லை.

அவளைத் தடுத்துப் பார்த்தேன். மெதுவாகப் போகலாமே என்றேன்.

“நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க,” என்று சொல்லிவிட்டு, சந்தேக அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே டான் ஃபிடலின் ஆள் தொலைபேசியில் பேசினான். மரியாதையான குரல். என் மகள் பள்ளி வாசலில் எந்தப் பக்கம் நின்று வண்டிக்குக் காத்திருப்பாள் என்பது வரை சொல்லி நலம் விசாரித்தான். பிறகு, எழுதியது யார் என்றான். பெயரைச் சொல்ல விதி இடம் கொடுக்காது என்றேன். விதியில் நான் அசையவில்லை.

“பேரு எதுக்கு சார்? பேரை வச்சு நாங்க என்ன பண்ணப் போறோம்? ஆளைக் காட்டுங்க, போதும்.”

மறுநாள் நல்ல மழை. லீசலிடம் குடையில்லை. என் மஞ்சள் குடையைக் கொடுத்தேன். நனையாதேம்மா என்றேன். ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் அத்தனை பேரும் கறுப்புக் குடை. இந்தச் சன்னலிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, நடுவில் ஒரே ஒரு மஞ்சள். ஒரு வேன் வந்து மறைத்தது. வேன் போனபின் கறுப்பு மட்டும் இருந்தது.

ஆற்றிலிருந்து அவளை எடுத்தது உங்கள் ஆட்கள்தானே. அஞ்சலிக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். அவள் பெயரை வெளியாள் காதில் விழும்படி நான் உச்சரித்தது அங்கேதான், முதன்முறையாக. விதியை மீறினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

போன வாரம் நீங்கள் விசாரிக்க வந்தபோது ஓரிடத்தில் நாக்கு குழறியது. எங்கள் தலைவர் அட்டர்னி கிரினோ அதைக் கவனித்தார். அவருக்கும் ஹாம் வரும்; என்னுடையதைவிடப் பெரியது. இன்று வேலை முடியும் நேரத்தில் என் மேசைக்கே வந்தார்.

“மழை விடாது போலிருக்கு, வென்செஸ். இதை எடுத்துட்டுப் போங்க. நனையாதீங்க.”

அதோ, மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். புதியது. அதே மஞ்சள்.

ஆகவே, மனசாட்சி உறுத்தியது, அந்தப் பெண்ணின் முகம் தூங்கவிடவில்லை என்றெல்லாம் வாக்குமூலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் வண்டியை மட்டும் கீழ்த்தளத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நான் குடையில்லாமலே வருகிறேன்.