ஏரிப் பக்கச் சுவர்

"கோட்டைய ஏரிப் பக்கம் திருப்பிடு மச்சான்."

பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்தவன் இப்படிச் சொன்னான். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் படகு சின்னது. பக்கத்திலிருந்த அவன் மச்சான் மடியில் கூடை நிறைய அகல் விளக்குகள். ஒல்லாந்தரின் கொண்டாட்டத்துக்குக் கோட்டைச் சுவரில் விளக்கலங்காரம் செய்வது அவர்தான் என்று பேச்சிலேயே புரிந்தது.

"தொரை வாசப் பக்கம் வெக்கச் சொல்லிட்டாரு. ஊரு சனம் பாக்கணுமாம்."

"ஏரிப் பக்கம் வெச்சா தண்ணியிலயும் தெரியும். ஒரு வெளக்கு ரெண்டா எரியும்னு சொல்லு, தொரை மயங்கிடுவாரு."

"அத்த வுடு. உனக்கு இன்னா ஆவணும்?"

"வெளிச்சத்துக்கு எறா வரும் மச்சான். சொவரோரம் வலை கட்டினா அள்ளிடலாம்."

"அதானே பாத்தேன்! அன்னிக்கு அங்க வலை கட்டுற முறை உன்னுதா?"

"என்னுது இல்ல."

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊரில் முறை உண்டு. அவனே தொடர்ந்தான்.

"உன் தம்பியுது."

விளக்குக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

"இந்தத் தபா அவன் வலையில ஒண்ணும் வுழல மச்சான். புள்ளைங்க வெறும் கஞ்சிதான் குடிக்குதுங்க."

படகு கரை தட்டியது. எல்லாரும் இறங்கினோம். விளக்குக்காரர் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஒரு வரிசை பத்தாது. தண்ணியோரமா ரெண்டு வரிசை வெக்கிறேன்."

நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார்.

"அழகுக்கோசரம்தான் வெச்சேன்னு அவன்கிட்ட சொல்லு."