லேசான காற்று

அந்தக் கதவை யாராவது சாத்துங்கள்... ம்... இது நம் தையல்காரரின் மச்சானுக்கு நடந்தது.

மாலை ஆறு மணி. இலையுதிர் காலம், சீக்கிரமே இருட்டிவிட்டது. துறைமுகச் சாலையில் ஈ காக்கா இல்லை. சாலையின் கோடியில் வானிலை அலுவலகம். உள்ளே மச்சான் மட்டும். நாளைய வானிலையைப் போன் மெஷினில் பேசிப் பதிவு செய்வது அவர் வேலை. படகுக்காரர்கள் போன் போட்டு அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள்.

முந்தின வருடம் மூன்று தடவை புயல் என்று சொன்னார். மூன்று தடவையும் சுள்ளென்று வெயில். அவர் தெருவில் நடந்தால் குடையை விரித்துக் காட்டிச் சிரித்தார்கள். மேலதிகாரி வேறு, "சும்மா சும்மா ஊரைப் பயமுறுத்தாதய்யா" என்று எரிந்து விழுந்தார். நாலாவது தடவையும் கருவிகள் புயல் என்றுதான் காட்டின. போங்கடா என்று கடுப்பில், "லேசான காற்று. கடலுக்குப் போகலாம்" என்று பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் மேகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். அண்ணன் சொன்னதை நம்பிப் போனவன் அவருடைய தம்பி ஒருவன்தான். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அந்தப் படகின் பழைய மண்ணெண்ணெய் இன்ஜின், கயிற்றை இழுத்தால் எப்போதும் மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும். அந்தச் சத்தம் அண்ணனுக்கு அத்துப்படி.

அன்று மாலையும் அதே தேதி. மறுபடியும் புயல். "பலத்த புயல். யாரும் போக வேண்டாம்" என்று நிறுத்தி நிதானமாகப் பதிவு செய்தார். ஒரு முறை போட்டுக் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. போட்டார்.

"லேசான காற்று. கடலுக்குப் போகலாம்."

அவருடைய குரலேதான்...

அழித்தார். மறுபடி பேசினார். மறுபடியும் லேசான காற்று. ஏழாவது தடவை தொண்டை கிழியக் கத்தினார். லேசான காற்று. "எத்தனை தடவைடா சொல்றது!" என்று மெஷினை ஓங்கிக் குத்தி, வயரைப் பிடுங்கி எறிந்தார்.

வயர் இல்லாத மெஷினில் மணி அடித்தது. தம்பியின் நம்பர். ரிசீவரை எடுத்தார்.

அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. "போகாதேடா! நான் பொய் சொல்லிட்டேன்டா!" அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

அந்தப் பக்கம் அலைச் சத்தம்... பிறகு பொறுமையாக ஒரு குரல். "நீ சொன்னா சரிதாண்ணா."

கயிற்றை இழுக்கும் சத்தம். கர்ர்... அணைந்தது. இன்னொரு இழுப்பு. கர்ர்... அணைந்தது.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது. போனில் இல்லை... ஜன்னலுக்கு வெளியே.